அலையேறிய படம் – 14: ஆறு மெகாஹெர்ட்ஸ் பஞ்சாயத்து

1987 ஜனவரியில் அமெரிக்க ஒளிபரப்பாளர்கள் வாஷிங்டனில் ஒரு டிவி காட்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும், எஃப்சிசி என்கிற மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்தின் அதிகாரிகளுக்கும் காட்டுவதற்காக நடந்த ஏற்பாடு அது. திரையில் ஓடியது அமெரிக்கச் சரக்கு அல்ல. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே உருவாக்கிய ‘ஹைவிஷன்’. அமெரிக்க வீடுகளில் அன்றிருந்த டிவியின் படம் 525 கோடுகளால் ஆனது. ஹைவிஷனுக்கு 1125 கோடுகள்.

இந்தப் படத்தைச் சாதாரண ஆண்டெனாவுக்கு அனுப்ப ஒரு சேனல் போதவில்லை. அடுத்தடுத்த இரண்டு யுஹெச்எஃப் சேனல்களைச் சேர்த்துத்தான் அனுப்பினார்கள். ஒளிபரப்பாளர்கள் அதிகாரிகளின் கண்ணில் பட வேண்டும் என்று நினைத்ததும் அதைத்தான்.

காரணம் மோட்டரோலா. போலீஸ், தீயணைப்பு, டாக்ஸி என்று எல்லோருக்கும் வயர்லெஸ் கருவி விற்ற அந்த நிறுவனமும் அதன் துறையினரும், யுஹெச்எஃப் பகுதியில் சும்மா கிடக்கும் டிவி சேனல்களைத் தங்களுக்குத் தரச் சொல்லி எஃப்சிசியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பயன்படுத்தாத இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று வெறுமனே சொன்னால் எடுபடாது. “நாளைய டிவிக்கு இது தேவை” என்று காட்டினால்தான் எடுபடும். அதற்கு ஜப்பான்காரர்களின் படம் கைகொடுத்தது. காட்சி முடிந்த கையோடு, பிப்ரவரியில், 58 ஒளிபரப்பு அமைப்புகள் சேர்ந்து எஃப்சிசியிடம் மனுக் கொடுத்தன.

இடத்தைக் காப்பாற்றக் கிளப்பிய அந்தப் பேச்சு, அடுத்த பத்தாண்டுகளில் டிவியின் தலையெழுத்தையே மாற்றி எழுதியது.

1941இல் என்டிஎஸ்சி குழுவின் தரத்தை அமெரிக்கா ஏற்றபோது ஒரு நிலையத்துக்கு 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் என்று முடிவானதை இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். பின்னர் வந்த வண்ணமும் ஸ்டீரியோ ஒலியும்கூட அதே 6 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் நுழைந்தன. ஹெச்டி எனப்படும் உயர்துல்லிய டிவி அப்படி நுழைகிற ஆள் இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள டோக்கியோவுக்குப் போக வேண்டும்.

1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்ததும் என்ஹெச்கே ஆய்வுக்கூடம் அடுத்த தலைமுறை டிவியைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது. தகாஷி ஃபுஜியோ தலைமையிலான குழு கருவிகளை விட்டுவிட்டுக் கண்ணிலிருந்து ஆரம்பித்தது. பழைய டிவியில் கோடுகள் கண்ணை உறுத்தாமல் இருக்க, திரை உயரத்தைப் போல ஏழு மடங்கு தள்ளி உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் திரை பார்வையின் ஒரு சிறு பகுதியைத்தான் நிரப்பும். மூன்று மடங்கு தூரத்துக்கு நெருங்கினால் படம் ஏறக்குறைய 30 டிகிரி கோணத்தை நிரப்புகிறது, பார்ப்பவருக்குக் காட்சிக்குள்ளேயே இருக்கும் உணர்வு வருகிறது என்று சோதனைகளில் தெரிந்தது. அவ்வளவு நெருங்கியும் கோடுகள் தெரியக் கூடாது என்றால் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோடுகள் வேண்டும். 1125 தேர்வானதில் ஒரு ராஜதந்திரமும் உண்டு. அமெரிக்க, ஜப்பானிய 525க்கும் ஐரோப்பிய 625க்கும் எளிய விகிதத்தில் பொருந்தும் எண் அது.

விலை என்ன? கோடுகள் இரு மடங்கு ஆனால் அனுப்பும் தகவலும் இரு மடங்கு. மேலிருந்து கீழ் கூடிய நுணுக்கத்துக்கு ஈடாக இடமிருந்து வலமும் கூட்ட வேண்டும், அது இன்னொரு இரு மடங்கு. திரையும் அகலமாகிவிட்டதால் மேலும் மூன்றில் ஒரு பங்கு சேரும். எல்லாம் பெருக்கினால் ஐந்தாறு மடங்கு வருகிறது. பழைய டிவியில் 4.2 மெகாஹெர்ட்ஸில் அடங்கிய ஒளிர்வுச் சைகை, ஹைவிஷனில் 20 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டது. வண்ணத்தின் கணக்கு தனி. அமெரிக்கச் சேனல்கள் மூன்று நான்கைச் சேர்த்தாலும் அதற்குக் காணாது.

என்ஹெச்கே பொறியாளர்கள் 1980களின் முற்பாதியில் கண்டுபிடித்த சுருக்க வழிக்கு ‘மியூஸ்’ என்று பெயர். நான்கு பேர் சேர்ந்து ஒரு கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போன்றது அது. முதல் முறை கால்வாசிப் புள்ளிகள், அடுத்த முறை அவற்றுக்கிடையே இன்னொரு கால்வாசி. இப்படி நான்கு சுற்றில் முழுப் படத்தின் புள்ளிகளும் வந்துசேரும், டிவிக்குள் இருக்கும் நினைவகம் எல்லாவற்றையும் ஒன்றுகூட்டிக் காட்டும். 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேலிருந்த சைகை 8.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருங்கியது. ஜப்பானின் செயற்கைக்கோள் சேனல் ஒன்றின் அகலம் 27 மெகாஹெர்ட்ஸ், அதில் இது தாராளமாக அமர்ந்தது.

ஆனால் நான்காவது சுற்று வருவதற்குள் படத்தில் இருப்பவர் நகர்ந்துவிட்டால்? முதல் சுற்றின் புள்ளிகள் பழைய இடத்தைச் சொல்லும், கடைசிச் சுற்று புதிய இடத்தைச் சொல்லும். ஆகவே நகரும் பகுதிகளுக்கு மட்டும் மியூஸ் பழைய புள்ளிகளைக் கைவிட்டு, அந்தக் கணத்தில் கையில் உள்ளதை வைத்தே படத்தை நிரப்பியது. கேமரா மொத்தமாகத் திரும்பினால் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்கிற குறிப்பும் கூடவே போனது. அப்போது ஓரளவு சமாளிக்கலாம். தனித்தனியாக ஓடும் ஆட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அசையாத மலைக்காட்சி அற்புதமாகத் தெரிந்த அதே திரையில் ஓட்டக்காரர்கள் மங்கினார்கள். ஹெச்டியின் வரலாறு முழுக்கத் தொடரப்போகும் கேள்வி இங்கேயே எழுந்துவிட்டது. இடம் போதாதபோது எதை விட்டுக்கொடுப்பது, நுணுக்கத்தையா, அசைவையா?

ஜப்பானின் 1125 கோட்டுத் தரத்தை உலகத் தரமாக்கும் முயற்சி 1986இல் யூகோஸ்லாவியாவின் துப்ரோவ்னிக் நகரில் கூடிய சர்வதேச மாநாட்டில் தடைபட்டது. தங்கள் டிவித் தொழிற்சாலைகள் ஜப்பானுக்குக் கட்டுப்பட்டுவிடும் என்று அஞ்சிய ஐரோப்பியர்கள், ‘யுரேகா 95’ என்ற திட்டத்தில் 1250 கோடுகள் கொண்ட ஹெச்டி-மேக் முறையை உருவாக்கப் புறப்பட்டார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் அதில் ஒளிபரப்பானது. அடுத்த ஆண்டே அந்த முறை கைவிடப்பட்டது. மியூஸும் சரி, ஹெச்டி-மேக்கும் சரி, அனலாக் முறைகள். வானத்தில் இடம் இருந்ததால் பிழைத்தவை.

அமெரிக்காவின் பிரச்சினை தரையில் இருந்தது. ஊருக்கு ஊர் உள்ளூர் நிலையம், அதன் கோபுரம், வீட்டுக் கூரையில் ஆண்டெனா. இதுதான் அந்நாட்டு ஒளிபரப்பின் முதுகெலும்பு. 1987இல் எஃப்சிசி ஓர் ஆலோசனைக் குழுவை நியமித்தது. முன்னாள் எஃப்சிசி தலைவர் ரிச்சர்ட் வைலி அதன் தலைவர். இருபதுக்கு மேற்பட்ட யோசனைகள் குவிந்தன. சிலர் பழைய சேனலோடு இன்னொரு அரைச் சேனல் கேட்டார்கள், சிலர் முழுச் சேனல் கேட்டார்கள், சிலர் இருக்கும் படத்தையே கொஞ்சம் மெருகேற்றினால் போதும் என்றார்கள்.

1990 மார்ச்சில் எஃப்சிசி தலைவர் ஆல்ஃபிரட் சைக்ஸ் தீர்ப்பைச் சொன்னார். மெருகேற்றல் வேண்டாம், உண்மையான ஹெச்டிதான் வேண்டும். அதுவும் ஒரே ஒரு 6 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்குள் அடங்க வேண்டும். மாறும் காலத்தில் நிலையங்கள் பழைய சேனலில் பழைய படத்தையும் புதிய சேனலில் ஹெச்டியையும் அனுப்பிவிட்டு, கடைசியில் ஒன்றைத் திருப்பித் தந்துவிட வேண்டும். இரண்டு சேனலை நிரந்தரமாக மடக்கிப்போடலாம் என்ற கணக்கு அதோடு பொய்த்தது.

யோசனைகளைச் சமர்ப்பிக்க 1990 ஜூன் மாதத் தொடக்கம் கடைசி நாள். அந்தத் தறுவாயில் வந்து நின்றது ஜெனரல் இன்ஸ்ட்ரூமென்ட். கேபிள் கருவிகளும், செயற்கைக்கோள் சேனல்களைப் பூட்டும் கருவிகளும் செய்துகொண்டிருந்த நிறுவனம். அதன் சான் டியேகோ கிளையில், கொரியாவில் பிறந்த வூ பைக் என்ற பொறியாளரின் தலைமையில் தயாரான ‘டிஜிசைஃபர்’ முழுக்க முழுக்க டிஜிட்டல்.

துறையில் இருந்தவர்கள் டிஜிட்டல் ஹெச்டி அடுத்த நூற்றாண்டுச் சமாச்சாரம் என்றே நினைத்திருந்தார்கள். நினைத்ததில் தவறும் இல்லை. 1920க்கு 1080 பிக்ஸல், நொடிக்கு 30 படம் என்று வைத்துக்கொண்டு, ஸ்டுடியோத் தரத்தில் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 124 கோடி பிட்டுகள் ஓடும். ஒரு 6 மெகாஹெர்ட்ஸ் சேனல் தாங்குவது 2 கோடிக்குச் சற்றுக் குறைவு. அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கியாக வேண்டும், பார்ப்பவருக்கும் அது தெரியக் கூடாது.

டிஜிட்டல் சுருக்கத்தின் சூட்சுமம், முந்தைய படத்தில் இருந்ததை மறுபடி அனுப்பாமல் இருப்பது. செய்தி வாசிப்பவரின் பின்னால் உள்ள சுவர் நொடிக்கு 30 முறை மாறுவதில்லை. எது எங்கே நகர்ந்தது என்பதைக் கட்டம் கட்டமாகக் கணக்கிட்டு, அந்தக் குறிப்பையும் மிச்ச வித்தியாசத்தையும் மட்டும் அனுப்பினால் போதும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கண்ணுக்கு எளிதில் பிடிபடாத நுண்ணிய விவரங்களைத் துல்லியம் குறைத்து எழுதலாம். மியூஸ் எல்லாப் படத்தையும் ஒரே விதமாக வெட்டியது. இந்த முறையோ எந்த இடத்தில் எத்தனை பிட் தேவை என்று பார்த்துப் பங்கிட்டது.

சில மாதங்களில் மற்ற போட்டியாளர்களும் டிஜிட்டலுக்குத் தாவினார்கள். வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் இதற்கென்றே அமைந்த சோதனைக்கூடத்தில் 1991 ஜூலையில் பரிசோதனைகள் தொடங்கின. இறுதிக் கட்டத்தில் ஐந்து முறைகள் களத்தில் இருந்தன. நான்கு டிஜிட்டல், ஐந்தாவது என்ஹெச்கேயின் 6 மெகாஹெர்ட்ஸ் மியூஸ். 1993 பிப்ரவரியில் முடிவு வந்தது. அனலாக் வெளியேற்றப்பட்டது, டிஜிட்டல் நான்கில் எதுவும் தெளிவாக ஜெயிக்கவில்லை. மறுபடி சோதனை என்றால் செலவும் வழக்கும் இழுத்துக்கொண்டே போகும். வைலி எல்லோரையும் ஒன்றுசேரச் சொல்லி நெருக்கினார். மே 24 அன்று ஏடி அண்ட் டி, ஜெனரல் இன்ஸ்ட்ரூமென்ட், எம்ஐடி, ஃபிலிப்ஸ், சார்னாஃப், தாம்சன், ஜெனித் ஆகிய ஏழும் ‘கிராண்ட் அலையன்ஸ்’ என்ற பெயரில் கைகோத்தன.

ஜப்பானுக்கு இது பேரிடி. 1994 பிப்ரவரியில், தபால் மற்றும் தகவல்தொடர்பு அமைச்சகத்தின் ஒளிபரப்புத் துறைத் தலைவர் அகிமாசா எகாவா, உலகம் டிஜிட்டலுக்குப் போகிறது, நாமும் யோசிக்க வேண்டும் என்ற தொனியில் பேசிவிட்டார். பெரும் பணத்தைக் கொட்டியிருந்த டிவி நிறுவனங்களும் என்ஹெச்கேயும் கொதித்தெழ, மறுநாளே பின்வாங்க நேர்ந்தது. மியூஸ் ஒளிபரப்பு 2007 வரை ஓடியது. அதற்குள் ஜப்பானும் டிஜிட்டல் ஹெச்டிக்கு மாறியிருந்தது.

ஏழு நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் வந்தும் ஒரு சண்டை மட்டும் தீரவில்லை. இன்டர்லேஸா, புரோகிரஸிவா?

இன்டர்லேஸ் 1930களின் உத்தி. முதலில் ஒற்றைப்படைக் கோடுகளை மட்டும் வரைவது, அடுத்த அறுபதில் ஒரு நொடியில் இரட்டைப்படைக் கோடுகளை வரைவது. பாதித் தகவலிலேயே படம் அசைவு குலையாமல் ஓடிவிடும். படத்தில் மெல்லிய கிடைக்கோடு வந்தால் துடிக்கும். கட்டம்போட்ட சட்டை மினுக்கும். வேகமாக ஓடும் ஆளின் விளிம்பு சீப்புப் பல்லாகப் பிரியும். இந்தத் துடிப்பை அடக்கக் கேமராவிலேயே படத்தை மேலிருந்து கீழாகச் சற்று மங்கலாக்க வேண்டியிருந்தது. 1080 கோடு என்று பெயர் இருந்தாலும் கண்ணுக்குக் கிடைக்கும் நுணுக்கம் அதைவிடக் குறைவு. புரோகிரஸிவ் முறையில் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோடுகளும் வரையப்படும். கணினித் திரைகள் அப்படித்தான் இயங்கின.

நொடிக்கு எத்தனை பிக்ஸல் என்று பார்த்தால் இரு தரப்பும் நெருங்கியே நின்றன. 1920க்கு 1080, இன்டர்லேஸ், நொடிக்கு 30 முழுப் படம் என்றால் 6 கோடியே 22 லட்சம். 1280க்கு 720, புரோகிரஸிவ், நொடிக்கு 60 படம் என்றால் 5 கோடியே 53 லட்சம். முன்னதில் நுணுக்கம், பின்னதில் அசைவு. இரண்டையும் சேர்த்து 1080 கோடு, நொடிக்கு 60 முழுப் படம் என்று கேட்டால் 12 கோடியே 44 லட்சம். அன்றைய சுருக்க முறையும் சிப்புகளும் அதைத் தாங்கும் நிலையில் இல்லை.

எம்ஐடியின் ஜே லிம் போன்றவர்களும், பின்னால் சேர்ந்துகொண்ட மைக்ரோசாஃப்ட், இன்டெல், காம்பாக் போன்ற கணினி நிறுவனங்களும் இன்டர்லேஸை ஒழிக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே 1080 கோட்டு இன்டர்லேஸ் (சுருக்கமாக 1080ஐ) கேமராக்களும் கருவிகளும் வந்துவிட்டன, அவற்றைத் தூக்கியெறிய முடியாது என்றார்கள் ஒளிபரப்பாளர்களும் கருவித் தயாரிப்பாளர்களும். பஞ்சாயத்து முடியாமல், கிராண்ட் அலையன்ஸின் தரத்தில் இரண்டும் இடம்பெற்றன. பழைய துல்லியத்தையும் சேர்த்து மொத்தம் 18 வடிவங்கள். 1996 டிசம்பர் 24 அன்று எஃப்சிசி தரத்தை ஏற்றபோது அந்த 18 வடிவங்களின் பட்டியலையே விட்டுவிட்டது. எந்தப் படத்தை அனுப்புவது என்பது நிலையங்களின் பாடு, சந்தையின் பாடு.

6 மெகாஹெர்ட்ஸுக்குள் பிட்டுகளை ஏற்றும் வேலைக்கு ஜெனித்தின் 8-விஎஸ்பி முறை தேர்வாகியிருந்தது. அதில் நொடிக்கு 3 கோடியே 23 லட்சம் பிட்டுகள் காற்றில் போகின்றன. கட்டடங்களில் மோதித் திரும்பும் அலைகளுக்கும் இரைச்சலுக்கும் ஈடுகொடுக்கும் பிழைதிருத்தத்துக்கே ஐந்தில் இரண்டு பங்கு செலவாகிறது. எஞ்சியது 1 கோடியே 94 லட்சம், துறையினர் மொழியில் 19.39 மெகாபிட். படம், ஒலி, நிகழ்ச்சி விவரம் எல்லாம் இதற்குள்தான்.

1998 அக்டோபர் 29 அன்று ஜான் கிளென் 77 வயதில் மறுபடி விண்வெளிக்குப் புறப்பட்டதை அமெரிக்க நிலையங்கள் ஹெச்டியில் நேரடியாகக் காட்டின. நவம்பர் 1 முதல் பெருநகரங்களில் முறையான டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியது. நெட்வொர்க்குகள் இரண்டாகப் பிரிந்தன. சிபிஎஸ்ஸும் என்பிசியும் 1080ஐ. ஏபிசி 720 கோட்டு புரோகிரஸிவ், அதாவது 720பி. 2003 மார்ச்சில் வந்த ஈஎஸ்பிஎன் ஹெச்டியும், மறு ஆண்டு ஃபாக்ஸும் 720பி பக்கம் சேர்ந்தன. விளையாட்டை நம்பியவர்கள் அசைவைத் தேர்ந்தெடுத்தார்கள். மாலை நேர நாடகங்களோ நொடிக்கு 24 படம் வீதம் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. அவற்றில் அசைவுக்கு இழக்க ஒன்றும் இல்லை, 1080இன் நுணுக்கம் லாபம்.

அந்த நுணுக்கமும் காகிதத்தில் இருந்த அளவுக்குத் திரைக்கு வரவில்லை. சோனி 1997இல் கொண்டுவந்த ஹெச்டிகேம் டேப் பதிவுசெய்தது குறுக்கே 1440 பிக்ஸல்தான், 1920 அல்ல. பானசோனிக்கின் டிவிசிபுரோ ஹெச்டி டேப்பில் 1280. கருவி அதை விரித்து 1920 ஆக்கி வெளியே அனுப்பும், தொலைந்த விவரம் திரும்பி வராது. ஜப்பானின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புகூட 1440ஐயே தேர்ந்தெடுத்தது. இந்த டிஜிட்டல் ஒளிபரப்பு பயன்படுத்திய எம்பெக்-2 சுருக்க முறைக்கு இன்னொரு தமாஷான தேவை. 16 கோட்டுக் கட்டங்களாகப் பிரிப்பதால், 1080ஐ வகுக்க முடியாமல் உபயோகமில்லாத 8 கோடுகளைச் சேர்த்து 1088ஆக எழுதுகிறது.

வீட்டுக் கூடத்திலும் ஒரு தடை இருந்தது. அமெரிக்க வீடுகளில் சோபாவுக்கும் டிவிக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 9 அடி என்று ஆர்சிஏ ஆய்வுக்கூடத்தின் பெர்னார்ட் லெக்னர் கணக்கிட்டிருந்தார். என்ஹெச்கே சொன்ன மூன்று மடங்கு விதிப்படி, 9 அடியிலிருந்து 1080ஐ முழுமையாக அனுபவிக்க 3 அடி உயரத் திரை வேண்டும். அதாவது 73 அங்குல டிவி. அன்று விற்ற கண்ணாடிக் குழாய் டிவிகளில் பெரியதே அதில் பாதி. 720க்கும் 1080க்கும் நடந்த சண்டையில் யார் சரி என்பது பெரும்பாலான வீடுகளில் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

கண்ணுக்குத் தெரிந்தது பிட் பஞ்சம். நீச்சல் குளத்தில் தெறிக்கும் தண்ணீர், கோப்பை வென்ற அணியின் மேல் கொட்டும் வண்ணக் காகிதத் துண்டுகள், அடுத்தடுத்து மின்னும் கேமரா ஃபிளாஷ். இவை எதிலும் முந்தைய படத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. 19.39 மெகாபிட் முழுவதும் கிடைத்தாலும் எம்பெக்-2 தடுமாறும், படம் சதுரச் சதுரமாக உடையும். நிலையங்களோ அந்த 19.39ஐயும் முழுதாகத் தரவில்லை. அதே சேனலில் வானிலைக்கு ஒன்று, பழைய படங்களுக்கு ஒன்று என்று கூடுதல் சேனல்களைச் செருகி விளம்பர வருமானம் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் ஹெச்டியின் பங்கில் இரண்டு மூன்று மெகாபிட்டைத் தின்றது. பெட்டியில் 1080 என்று எழுதியிருந்தும் படம் கலங்கியதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

2003இல் ஹெச்.264 வந்தது. எம்பெக்-2இன் பாதி பிட்டில் ஒப்பான படத்தைத் தரும் சுருக்க முறை. தாமதமாக ஹெச்டிக்கு வந்த நாடுகளுக்கு இது வரம். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2004இல், தட்டைத் திரை டிவிகள் எல்லாம் புரோகிரஸிவ் என்பதைக் காரணம் காட்டி 720பி முறையைப் பரிந்துரைத்தது. ஜெர்மனியின் ஏஆர்டியும் இசட்டிஎஃப்பும் அதை ஏற்றன, பிபிசி 1080ஐயிலேயே நின்றது. இந்தியாவில் தூர்தர்ஷன் 2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டிகளோடு ஹெச்டியில் கால்வைத்தது.

அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி, எஃப்சிசி 1990இல் சொன்னபடி ஒரு சேனலைத் திருப்பித் தந்தன. காலியாகவிருந்த யுஹெச்எஃப் சேனல்களுக்கு 2008லேயே ஏலம் நடந்துவிட்டது. சுமார் 1,900 கோடி டாலருக்குப் போனது. பெரும்பங்கை எடுத்தவை வெரைஸனும் ஏடி அண்ட் டியும். வயர்லெஸ்காரர்களிடமிருந்து காப்பாற்றப் போராடிய இடம் கடைசியில் அவர்களிடமே போய்ச்சேர்ந்தது.

தொழில்நுட்பக் கணக்கில் புரோகிரஸிவ் தரப்பு சொன்னதே சரியாக முடிந்தது. இன்று விற்கும் டிவி எதுவும் இன்டர்லேஸ் முறையில் வரைவதில்லை. 1080ஐயில் வரும் படத்தை ஒவ்வொரு டிவியும் தனக்குள் கோத்து, புரோகிரஸிவாக மாற்றித்தான் காட்டுகிறது. 4கே தரத்தில் இன்டர்லேஸுக்கு இடமே இல்லை. ஆனாலும் சிபிஎஸ்ஸும் என்பிசியும் 1080ஐயை விடவில்லை, ஏபிசியும் ஃபாக்ஸும் 720பியை விடவில்லை. 2017 நவம்பரில் எஃப்சிசி அனுமதித்த அடுத்த தலைமுறைத் தரமான ஏடிஎஸ்சி 3.0, 4கே படத்தைத் தாங்க வல்லது. அதற்கும் எஃப்சிசி ஒதுக்கியிருப்பது 6 மெகாஹெர்ட்ஸ்தான்.

(தொடரும்)